அக்கா வந்த மாதத்துப் புகை

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆடி, ஆவணியில் திருவிழாக்களுக்கென்று எங்கள் ஊர் உரும்பிராயில் வந்து இறங்குவார்கள். போத்தல் தண்ணீர் இல்லாவிட்டால் வாய் நனைக்க மாட்டார்கள். பஸ் புகை, புழுதி, நுளம்புக்கடி என்று ஒரு பாட்டம் சொல்லி முடிக்காமல் தேத்தண்ணீரில் கை வைக்க மாட்டார்கள். இதே புழுதியில் காற்சட்டை கிழியப் புரண்டவர்கள்தான் எல்லோரும். "உங்களுக்கு மூக்கும் அங்கைதான் முளைச்சதோ?" என்று ஒருவரிடம் நேரிலேயே கேட்டிருக்கிறேன். அதன் பிறகு அவர் எங்கள் படலையைத் திறக்கவில்லை.

என் அக்கா அந்த ரகம் இல்லை. கனடாவில் இருந்தே தலை நரைத்தவள். ஆனாலும் ஊருக்கு வந்தால் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே கிணற்றடிக்குத்தான் போவாள். சில வருடங்களாக அவளுக்கு நுரையீரல் இறுகிக்கொண்டு போகிற வருத்தம். அத்தான் இறந்துவிட்டார், ஒரே மகள் வேறு நகரத்தில். குளிர்காற்றுப் பட்டால் இருமல் நிற்காது என்பதால் வருடத்தில் பாதி நாள் யன்னலைச் சாத்திவிட்டுத் தனியே இருந்தாள். போன மார்கழியில் ஒரு முடிவெடுத்தாள். தை பிறக்க இங்கே வந்து இருந்து பார்ப்பது. மூச்சு ஒத்துழைத்தால் அங்கத்தைய வீட்டை விற்றுவிட்டு இங்கேயே தங்கிவிடுவது. இருக்கிற காலத்தை எங்கள் வளவுக்குள் கழிக்க வேண்டும் என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்க்காற்றுப் பட்டாலே பாதி வருத்தம் பறந்துவிடும் என்று டெலிபோனில் அளந்து தள்ளினேன்.

எங்கள் முன்வீட்டில் இருப்பவள் அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவள். பிள்ளைகள் கொழும்பில், அவள் தனியாள். முற்றத்தில் ஒரு மாவிலை கிடந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. சிநேகிதி வருகிறாள் என்று கேள்விப்பட்டதும் தன் முற்றத்தோடு நிற்காமல், பெரிய தெருவிலிருந்து எங்கள் படலை வரை ஒழுங்கை முழுவதையும் கூட்டினாள். சருகு, சொப்பிங் பை, சாப்பாடு சுற்றிய பொலித்தீன், யாரோ எறிந்த அறுந்த செருப்பு எல்லாவற்றையும் குவித்து, ஊரில் எல்லோரும் செய்கிறபடி பொழுதுபட நெருப்பு வைத்தாள். அக்கா வந்த வான் அந்தப் புகைக்குள்ளால்தான் வந்து நின்றது.

அக்கா இறங்கி, சிநேகிதியைக் கட்டிப்பிடித்தபடியே இருமினாள். பயணக் களைப்பு என்றாள். ஒழுங்கை இவ்வளவு துப்புரவாக இருந்து தான் கண்டதில்லை என்று புகழ்ந்தும் வைத்தாள். முன்வீட்டுக்காரியின் முகம் மலர்ந்துபோயிற்று. நான் வாயைத் திறக்கப் போக, அக்கா என் கையில் கிள்ளினாள். உள்ளே வந்த பிறகுதான் சொல்லி, என்னிடம் வாக்கும் வாங்கினாள்.

"உதைப் பற்றி நீ அவளிட்டை ஒண்டும் கதைக்கக்கூடாது. நீ நக்கலடிக்கிற ஆக்களிலை ஒருத்தியா நான் வரமாட்டன்."

தை, மாசியில் எங்கள் பக்கம் பனி கொட்டும். காலையில் வாழைத் தோட்டங்களுக்கு மேலே வெள்ளையாகப் படுத்துக் கிடக்கும். அதையெல்லாம் பனி என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். முதல் நாள் கொளுத்தியதின் புகையும் மேலே எழும்ப வழியில்லாமல் அதற்குள்ளேயே கிடக்கிறது என்பதை அக்காவின் இருமல்தான் எனக்குக் காட்டியது. அக்காவின் மகள் அங்கேயிருந்து டெலிபோனில் எதையோ பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்துக் காற்றைச் சிவப்பாகக் காட்டுகிறது, அம்மா பத்திரம் என்றாள். காற்றை அளக்கிற மெசினைப் பஸ் நிலையத்துக்குள் வைத்திருப்பார்கள் என்று சீறினேன்.

அங்கத்தைய காற்று மட்டும் எப்போதும் சுத்தமென்று நினைக்காதே என்றாள் அக்கா. ஒரு கோடையில் எங்கேயோ காடு எரிந்த புகை நகரத்துக்கு வந்து, சூரியன் செம்பரத்தம்பூ நிறத்தில் நின்றதாம். ஆனால் அங்கே வெளியே வராதே என்று டெலிபோனே சொல்லும். எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். குப்பைக்கு வேறு வேறு நிறத்தில் வாளி. வளவுக்குள் ஒரு சருகைக் கொளுத்தினால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். வீட்டுக்குள் மிளகாய் வறுத்தால் கூரையில் பூட்டிய கருவி கத்தும். அதனால்தான் இத்தனை வருடமும் தூளை நாங்கள் இடித்து அனுப்பினோம். பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் தனக்கு இன்றுவரை தெரியாது என்றும் சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

இங்கே முன்வீட்டுக்காரி ஒரு நாள் தவறாமல் பின்னேரம் வந்தாள். அக்காவின் இருமல் கூடக் கூட, பனியும் நுளம்பும்தான் காரணம் என்று முடிவுகட்டினாள். தணல் போட்ட சட்டியில் தேங்காய்ப் பொச்சும் வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுத் தன் கையாலேயே கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தாள். அக்கா அதற்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, பள்ளிக்கூடக் கதைகளுக்குச் சிரித்துச் சிரித்து இருமினாள். மூச்சு எப்படியென்று பார்க்க விரலில் கவ்வும் சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தாள். அதைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துத்தான் பார்ப்பாள். சட்டியைத் தூக்க நான் எழும்புவேன். அவள் ஒரு பார்வையில் என்னை அடக்கிவிடுவாள்.

ஒரு பின்னேரம் சிரிப்பு நடுவில் நின்றது. உதடு நீலமாகப் போய், அவளால் பேச முடியவில்லை. ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்தாள். மருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம், ஆனால் இந்தப் புகைக்குள் இருந்தால் ஒரு மருந்தும் நிற்காது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அக்காவுக்குக் கொடுத்த வாக்கை அன்றைக்கே உடைத்தேன்.

முன்வீட்டுக்காரி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். ஆத்திரத்தில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. நீங்கள் கொளுத்துகிற புகைதான் அக்காவைக் கொல்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு நிலத்தில் குந்தினாள்.

"நான் அவள் வாறாளெண்டுதானே கூட்டினனான்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் முற்றத்தில் நெருப்பு மூளவில்லை. கூட்டியதையெல்லாம் உரப்பைகளில் கட்டி வேலியோரம் அடுக்கினாள். குப்பை எடுக்க வருகிற உழவு இயந்திரம் எங்கள் ஒழுங்கைக்குள் நுழையாது, ஒழுங்கை அவ்வளவு ஒடுக்கம். பெரிய தெரு வரை சுமக்க அவளுக்கு முழங்கால் விடாது. நான் சில பைகளைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனேன். அதற்கு மேல் எனக்கும் ஏலவில்லை.

ஒரு வீட்டில் நின்றது போதவில்லை. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால் பொழுதுபட ஒவ்வொரு வளவிலும் ஒரு புகை எழும்பியது. எல்லோரும் சுத்தக்காரர், எல்லோரும் கூட்டினார்கள், எல்லோரும் கொளுத்தினார்கள். வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். சிலர் நிறுத்தினார்கள். சிலர் தலையாட்டிவிட்டு நான் திரும்பிய பிறகு மூட்டினார்கள். வெளிநாட்டு மூக்குக்கு எங்கள் ஊர் ஒத்துவராதோ என்று ஒருவர் கேட்டார். அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அக்காவைப் பின்னறையில் விட்டு, யன்னலைச் சாத்தி, கதவின் கீழே ஈரத் துவாய் செருகினோம். வளவைப் பார்க்க வந்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மாசி முடியவில்லை. ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலாமல் கிடக்கு தம்பி. என்னைத் திருப்பி அனுப்பிவிடு."

இன்னும் கொஞ்ச நாள் பாருங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். எந்தக் காற்றை நம்பிச் சொல்வது? முன்வீட்டுக்காரி வழியனுப்ப வந்தபோது படலைக்கு வெளியிலேயே நின்றாள். தன் உடுப்பில் புகை மணக்கும் என்று பயந்தாளாம். அக்கா நடந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது டெலிபோனில் அக்காவின் குரலோடு ஒரு மெசின் இரைவதும் கேட்கும். மூக்கில் குழாய் போட்டுவிட்டார்கள். அடுத்த தைக்கு வாறன் என்பாள். வாங்கோ என்பேன். அத்தோடு இரண்டு பேரும் வேறு கதைக்கு மாறிவிடுவோம்.

வேலியோரத்து மூட்டைகள் முன்வீட்டுக்காரியின் இடுப்புக்கு மேலே வளர்ந்தன. ஐப்பசி மழை அவற்றை ஊறவைத்தது. நாய்கள் கிழித்தன, நுளம்பு பெருகியது. டெங்கு என்று அயலெல்லாம் பயந்து கிடந்த நேரம், கொளுத்தச் சொல்லி ஆட்கள் அவளை ஏசினார்கள். அவள் கேட்கவில்லை. மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு நாள், படலையடியில் என்னை மறித்தாள்.

"தம்பி, அக்கா இனி வரமாட்டா தானே? உதுகளைக் கொளுத்தட்டே?"

அவள் குத்திக் கேட்கவில்லை. அனுமதிதான் கேட்டாள். இனி வரமாட்டாள் என்று அதுவரை யாரும் வாயால் சொன்னதில்லை. அக்காவும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. வருவா என்று சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. அவளுடைய கைகளைப் பார்த்தேன். முழங்கை வரை நுளம்பு கடித்துத் தடித்திருந்தது.

"ஓம்," என்றேன், "கொளுத்துங்கோ."