சீதளநாத நயினார் ஊரைப் புகழ்ந்த கதை

செஞ்சிக் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்த சீதளநாத நயினாருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அந்த ஐம்பத்திரண்டு வருடமும் ராஜாகோட்டை மலை அவர் கண் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு தடவைகூட அவர் அதில் ஏறியதில்லை. அடிவாரத்துக் கல்யாண மகால் வரை இரண்டு முறை போயிருக்கிறார். இரண்டு முறையும் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குத் துணையாக. மேலே போக வேண்டும் என்று தோன்றியபோதெல்லாம் மலை எங்கே போய்விடப் போகிறது என்றும் தோன்றியது. அதுவும் உண்மைதான். மலை எங்கேயும் போகவில்லை.

ஆனால் மலையைப் பற்றி அவரைப் போலப் பேச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. பஸ்ஸிலிருந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் வழி கேட்க வருகிற முதல் கடை அவருடையது. அவர் வழியை மட்டும் சொல்லி விடமாட்டார். உச்சியில் வீசும் காற்று, கோடையிலும் வற்றாத சுனை, மேலே நின்றால் தட்டுத் தட்டாகத் தெரியும் ஏரிகள் என்று எல்லாவற்றையும் நேற்றுப் பார்த்தவர் மாதிரி சொல்லுவார். ஒவ்வொன்றும், மலையிலிருந்து இறங்கிவந்து தண்ணீர் கேட்டு நின்ற யாரோ ஒருவர் சொல்லிவிட்டுப் போனது. ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் "அரை மணி" என்பார். அது மலையில் ஆடு மேய்க்கிற சின்னப்பொண்ணு சொன்ன கணக்கு.

"நயினாரே, கோட்டையக் கட்னவன்கூட இவ்ளோ பேசியிருக்கமாட்டான்" என்பார் பக்கத்து மளிகைக்கடை பூவராகவன்.

"அவன் கட்டிட்டுப் போயிட்டான். குடியிருக்கிறவன் நான்தானே பேசணும்?" என்பார் நயினார்.

இந்தப் பேச்சுக்கு ஒரு காரியம் வந்து சேர்ந்தது 1966 மாசியில்தான். நயினாருக்கு ஒரே பெண், ஜெயமாலா. அவளுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் சம்பவநாதன். இவர்களைப் போலவே தமிழ்ச் சமணக் குடும்பம். அரசாங்கப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். நல்ல இடம். மெட்ராஸ் என்பது ஒன்றுதான் குறை. ஒரே பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது? அதற்கு நயினார் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். செஞ்சி உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார் இடம் ஒன்று காலியாக இருந்தது. பையனுக்கு ஊர் பிடித்துப் போனால் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஊரையும் காட்டிவிட வேண்டும். பெண்ணைவிட ஊரைக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டிவிட வேண்டும்.

இந்த யோசனை அவர் மனைவி ரத்னத்துக்கு மட்டும் தெரியும். ஜெயமாலாவிடம் மெட்ராஸ் மாப்பிள்ளை என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். போட்டோவை உறையிலிருந்து எடுக்கும் முன்பே அவள் சரி என்றாள். அப்பன் பேச்சைத் தட்டாத பெண் என்று நயினார் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பையன், அவன் தகப்பனார் தரணேந்திரன், தாயார் மூவரும் பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தரணேந்திரன் ஏதோ ஒரு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து முந்தின வருடம் ஓய்வு பெற்றவர். பெண் வந்து நமஸ்காரம் செய்தாள், போனாள். பஜ்ஜியும் சொஜ்ஜியும் ஆயிற்று. சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைத்துச் சாப்பிடுவார்கள். அந்தச் சாப்பாட்டை நயினார் சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்திருந்தார். சமணர் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு அடுப்பும் கிடையாது, இலையும் கிடையாது. ஐந்து மணி என்பது அதற்குள் தாராளமாகச் சாப்பிட்டு முடிக்கிற கணக்கு. இரண்டரைக்குக் கிளம்பினால் ஏற அரை மணி, இறங்க அரை மணி, மேலே காற்று வாங்க ஒரு மணி. நாலரைக்கு வீடு.

பெண்கள் வீட்டில் இருந்துவிட, ஆண்கள் மூவரும் கிளம்பினார்கள்.

முதல் வாசலைத் தாண்டும்வரை நயினார் முன்னால் நடந்தார், வற்றாத சுனையிலிருந்து பள்ளிக்கூடத்துக் காலியிடம்வரை பேசிக்கொண்டே. இரண்டாவது வாசலில் பேச்சு நின்றது. அதற்கப்புறம் அவர் பின்னால் வந்தார். படிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். இதைக் கட்டினவர்களுக்கு முழங்கால் என்று ஒன்று இருந்திருக்குமா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

"இன்னும் எவ்ளோ தூரம் சம்பந்தி?" என்றார் தரணேந்திரன். சம்மதம் சொல்லும் முன்பே சம்பந்தி என்று கூப்பிட்டதில் நயினாருக்குப் பாதிக் களைப்பு போயிற்று.

"இதோ, அவ்ளோதான்."

ஒரு மணி நேரம் கழித்தும் அதையேதான் சொன்னார். உச்சிக்குச் சற்றுக் கீழே மலை வாய் பிளந்து கிடந்தது. அதன்மேல் ஒரு மரப்பாலம். அப்படி ஒரு பாலம் இருப்பதை அவரிடம் தண்ணீர் குடித்தவர்களில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பாதாளம் தெரியும் என்று சொல்லவில்லை. நயினார் ஒரு காலை வைத்தார், கீழே பார்த்தார், காலை எடுத்துக்கொண்டார்.

"நீங்க போய் நிதானமாப் பாத்துட்டு வாங்க. நான் பாக்காததா?" என்று சொல்லி ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

அவர்கள் நிதானமாகத்தான் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்திருந்தபோது ஆடுகளோடு சின்னப்பொண்ணு அந்தப் பக்கம் வந்தாள்.

"இன்னா நயினாரே, இங்க குந்திக்கினு இருக்கீங்க? வழி தவறிப் போச்சா?"

"ஏறதுக்கு அரை மணின்னு சொன்னியே சின்னப்பொண்ணு?"

"ஆமா, ஆட்டுக்கு அரை மணி. மனுசாளுக்கு எவ்ளோன்னு நீங்க கேக்கவே இல்லியே."

சூரியன் இறங்கிக்கொண்டே இருந்தது. மேலே இருந்து அப்பனும் பிள்ளையும் சிரிக்கிற சத்தம் காற்றில் வந்தது. கூப்பிடலாம் என்று நயினார் வாயெடுத்தார். ஊர் அவர்களுக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைக் கெடுப்பானேன் என்று மூடிக்கொண்டார். இறங்கி வீடு வந்து சேர்ந்தபோது மணி ஆறே முக்கால். கூடத்தில் வாழை இலைகள் வரிசையாகப் போட்டபடியே இருந்தன. வடை, பாயசம், பருப்பு எல்லாம் மூடி வைத்திருந்தது. ஒருவரும் உட்காரவில்லை. உட்கார முடியாது.

நயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் வீட்டில் கை நனையவில்லை. ஊரைக் காட்டப் போய்ப் பெண்ணைக் கோட்டைவிட்டோமே என்று நின்றார்.

"விரதம் நம்பளது. உங்க மேல இன்னா தப்பு?" என்றார் தரணேந்திரன். "காலையில சாப்டறோம். பஸ்ஸும் போயிடுச்சி. படுக்க எடம் இருக்குது இல்ல?"

ஆண்கள் மூவரும் மொட்டை மாடியில் மாசிக் காற்றில் படுத்தார்கள். நயினார் தூங்கவில்லை.

காலையில் சூரியன் வந்ததும் புது இலை போட்டார்கள். தரணேந்திரன் உட்கார்ந்தார், கை நனைத்தார், "நல்ல காரியம் முடிஞ்சிது" என்றார். சம்பவநாதன் அதோடு நிற்கவில்லை.

"மாமா, ஸ்கூல்ல எடம் காலியா இருக்குதுன்னு சொன்னீங்களே. நான் மாத்தலுக்கு எழுதிப் போடறேன். இந்த மாதிரி ஊர்ல இருக்கக் குடுத்து வைக்கணும்."

நயினாருக்குக் கால்வலி மறந்தது. மலை ஏறினது வீண் போகவில்லை. இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்றப் போனவரை ரத்னம் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அங்கே ஜெயமாலா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நைனா, அவரு இன்னா சொல்றாரு? இங்க வராரா?"

"ஆமாம்மா!"

"அப்ப எனக்கு வேணாம்."

"மாப்ள புடிக்கலியா?"

"மாப்ள நல்லாத்தான் இருக்காரு. ஊரு வேணாம். மாசியில கூட்டிவந்து காட்டிட்டீங்க. சித்திரையில வரச் சொல்லியிருக்கணும். மூணு பக்கமும் பாறை. பகல் பூரா வாங்கின சூட்டை ராத்திரி பூரா நம்ப மேல ஊத்துது. கெணத்துல கயிறு வருசா வருசம் நீளுது. கொரங்கு வந்து வடகத்தைத் தூக்கினு போவுது. மெட்ராஸ்ல கொழாயைத் தெறந்தா தண்ணி வருதாமே."

"ஏழு குடித்தனத்துக்கு ஒரு கொழாயாம். அவங்களே சொன்னாங்க."

"இருக்கட்டும். தண்ணிக்கு நிக்கிறப்ப ஏழு வீட்டுப் பொம்பளைங்களோட பேசலாம். இங்க பாறையோடதான் பேசணும்."

நயினார் மனைவியைப் பார்த்தார். ரத்னம் அடுப்பைப் பார்த்தாள். கடைத்தெருவில் இருபது வருடமாக ஊரெல்லாம் கேட்கப் பேசியவர், தன் வீட்டுக்குள் ஒருத்திக்கு இந்த ஊர் பிடிக்குமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், கல்யாணம் இல்லாமல். அல்லது கல்யாணம் செய்துவைக்கலாம், மெட்ராஸுக்கு. இரண்டில் ஒன்று. வந்தவர்களை பஸ் ஏற்றிவிடுவதற்குள் தீர்மானிக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நயினார் ஊரைத் திட்ட ஆரம்பித்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

"தம்பி, வெயில் காலத்துல இங்க இருக்க முடியாது. பாறை சூடு."

"உச்சியில காத்து இருக்குதே மாமா. சாயங்காலம் ஏறிட்டாப் போச்சு."

"தண்ணி கஷ்டம்."

"சுனை வத்தாதுன்னு நேத்து சொன்னீங்க."

"அது மேல இருக்குது தம்பி. கொடத்தைத் தூக்கினு யாரு ஏறது? அப்புறம் கொரங்கு."

"கொரங்கா! எங்க?" என்று சுற்றிப் பார்த்தான் சம்பவநாதன், சந்தோஷமாக.

எதைச் சொன்னாலும் அது புகழ்ச்சியாகவே போய் விழுந்தது. பஸ் வந்து நின்றது. இனி சுற்றி வளைக்க நேரமில்லை. நயினார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எம்பொண்ணு மெட்ராஸ்ல இருக்கணும்னு ஆசைப்படறா தம்பி. இங்க இருந்தா வேணாங்கறா. ஊரைக் காட்டி உங்கள இழுக்கணும்னு பாத்தது நான்தான். அவளுக்குத் தெரியாது."

சம்பவநாதன் மலையை ஒரு முறை பார்த்தான். அந்த ஒரு பார்வை நேரம் நயினாருக்கு மரப்பாலத்தில் ஒரு காலை வைத்து நின்றதைவிட நீளமாக இருந்தது.

"அவங்க வாயத் தெறந்து கேட்ட மொத விசயம்" என்றான் கடைசியில். "இல்லன்னு சொல்லி ஆரம்பிக்க வேணாம் மாமா. மெட்ராஸ்லயே இருக்கறோம்."

நயினார் கும்பிட்டார். அவர் கும்பிட்ட கையை தரணேந்திரன் பிடித்துக்கொண்டார்.

"அவன் அங்க இருக்கட்டும் சம்பந்தி. முப்பது வருசமா அந்தக் கொழாயடிச் சண்டையக் கேட்டுட்டேன். இங்க வாடகைக்கு வீடு கெடைக்குமா? எனக்கும் எங்க வீட்டு அம்மாளுக்கும். மேல நின்னப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"பாறை சூடு..." என்று ஆரம்பித்தார் நயினார்.

"அதான் சொன்னீங்களே" என்று தரணேந்திரன் பஸ்ஸில் ஏறினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நயினார் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பெண் மெட்ராஸுக்கு. பெண்ணுக்குப் பதில் சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் செஞ்சிக்கு. இதை ஜெயமாலாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொல்லைப்புறத்தில் போய் நின்றார். அவள் முந்தின நாள் விருந்துப் பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெட்ராஸ்தான் என்றதும் தலையை ஆட்டினாள். மற்றதைச் சொன்னதும் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"யாரு, மாமனார் மாமியார் ரெண்டு பேருமா? இங்கயேவா?"

"ஆமாம்மா. அவரு மனசு அப்படி ஆயிடுச்சி."

ஜெயமாலா எழுந்து கையைக் கழுவினாள். புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கோட்டைக்குப் போற ரோட்ல ரங்கநாதன் மாடி வீடு காலியா இருக்குது நைனா. நல்ல காத்து. ஜன்னலத் தெறந்தா மலை பூரா தெரியும். வெளியூர்க்காரங்க எங்கிருந்தோ செலவு பண்ணிகினு வந்து பாக்கற மலை! வேற யாராவது கேட்டு வரதுக்குள்ள போயி சாவிய வாங்கினு வந்துடுங்க."