மாவு எவ்வளவு வாங்குமோ அவ்வளவு

சீர்காழிக் கடைத்தெருவில் பிஸ்கட் செய்ய அமோனியா கேட்டேன். மளிகைக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நெல்லுக்குத்தானே சார்? உரக்கடை பஸ் ஸ்டாண்டு பக்கம். சிட்டா நகல் எடுத்துட்டுப் போங்க, இல்லேன்னா தர மாட்டாங்க." நெல்லுக்கு இல்லை, தின்பதற்கு என்றேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, வயதானவர்களிடம் பேசுவதற்கென்றே வைத்திருக்கும் மெதுவான குரலில், "வீட்லேந்து யாராச்சும் கூட வந்திருக்காங்களா?" என்று கேட்டார். போலந்தில் இருந்த முப்பத்தெட்டு வருடத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அங்கே நான் அயல்நாட்டுக்காரன். எதைக் கேட்டாலும் 'அவன் ஊர் வழக்கமாக இருக்கும்' என்று விட்டுவிடுவார்கள். சொந்த ஊரில் அந்தச் சலுகை கிடையாது. ஊர் திரும்புவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்ட பொருள் கற்பனையல்ல. போலந்தில் அமோன்யாச்கி என்று ஒரு பிஸ்கட் உண்டு. வெண்ணெய், புளித்த பாலேடு, முட்டையின் மஞ்சள் கரு, மாவு, அதோடு ஒரு கரண்டி அமோனியா. அடுப்பில் இருக்கும்போது வீடே மாட்டுக்கொட்டகைபோல் நாறும். ஆறியதும் நாற்றம் இருந்த இடம் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை அவர்கள் விகிலியா என்பார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே சுட்டுத் தகர டப்பாவில் அடைத்துவிடுவார்கள். என் மனைவி ஹலினாவுக்கு அவள் அம்மா சொல்லிக் கொடுத்தது. கடைசியில் அந்த அமோனியா தஞ்சாவூரில் ஒரு பேக்கரியில் கிடைத்தது. பொட்டலம் கட்டிக்கொண்டே மாஸ்டர் சொன்னார்: "நம்ம டீக்கடை பிஸ்கட்டுக்கே இதானே சார் போடறோம்." சிறு வயதிலிருந்து நான் தின்றதும் அதுதான் என்று அறுபத்தாறாவது வயதில் தெரிந்துகொண்டேன்.

க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த உலோகத்துக்கு எந்தச் சூடு, எத்தனை நிமிடம் ஆறவேண்டும், யார் கையெழுத்திட வேண்டும் என்பதற்கெல்லாம் தாள் உண்டு. தாளில் இல்லாததை நான் செய்ததில்லை, செய்ய விட்டதும் இல்லை. ஹலினாவின் மூட்டுவலிக்கு வெயில் நல்லது என்று மருத்துவர் சொன்னதால், இரண்டு வருடம் முன்பு சீர்காழி பக்கத்தில் என் அண்ணன் இருக்கும் கிராமத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வெயில் மூட்டுகளுக்கு நல்லதாகத்தான் இருந்தது. ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, காபி டம்ளரைக் கீழே வைத்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம்.

எங்கள் மகள் மார்த்தா க்தான்ஸ்கில் ஆசிரியை. அழைத்துச் சொன்னேன். அழுதாள். பிறகு, "அடக்கத்துக்கு வந்துவிடுகிறேன்" என்றாள். சரி என்றேன். எங்கள் இருவருக்கும் இடையில் அவ்வளவுதான் பேச்சு.

போலந்தில் ஒருவர் இறந்தால் அடக்கம் ஐந்து நாள், எட்டு நாள் கழித்துத்தான். பாதிரியார், கல்லறை நிர்வாகம், பூ, உறவினர் விடுப்பு என்று எல்லாம் பொருந்தி வர வேண்டும். மார்த்தாவின் பாட்டியை, ஹலினாவின் அம்மாவை, எட்டாம் நாள்தான் புதைத்தோம். பெட்டியின் முன்மூலையைத் தோளில் தாங்கியவன் நான்தான். ஆகவே மார்த்தா நிதானமாகத் திங்கட்கிழமை வந்து சேரும்படி டிக்கெட் எடுத்தாள். அப்பாவுக்குத் தெரியாத நடைமுறையா என்று நினைத்திருப்பாள். இங்கேயோ உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்த நிமிடத்திலிருந்து ஊர் வேறொரு கடிகாரத்தில் ஓடியது. வெள்ளிக்கிழமை காலை அண்ணன் கேட்டார்: "பொண்ணு எப்ப வருது?" திங்கள் என்றேன். "திங்களா? தெருவுல ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியலடா. புள்ளைங்கல்லாம் பட்டினி. நீதான் சொல்லணும்." சொன்னேன். வெள்ளி சாயங்காலம் எரித்தோம். சனிக்கிழமை எலும்பு பொறுக்கிப் பூம்புகாரில் கரைத்துவிட்டு வந்தோம். ஒன்றுகூடத் தவறவில்லை. ஐயர் என்னைப் பாராட்டக்கூடச் செய்தார். மார்த்தாவுக்கு இன்னொரு தடவை போன் செய்ய வேண்டும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் கறுப்பு உடையில் காரிலிருந்து இறங்கினாள். கையில் சின்ன டப்பா. பாட்டியின் கல்லறையிலிருந்து ஒரு பிடி மண். அம்மாவின் பெட்டிமேல் போடக் கொண்டு வந்தது. கூடத்தைப் பார்த்தாள், பின்கட்டைப் பார்த்தாள். "எங்கே?" என்றாள். ஆறு வேலி நிலத்தின் கணக்கை மனப்பாடமாகச் சொல்லும் அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் அவளைப் பூம்புகாருக்கு அழைத்துப் போய்க் கடலைக் காட்டினேன். அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. மண்ணை அப்படியே ஊருக்குத் திருப்பி எடுத்துப் போனாள். அதற்குப் பிறகு நான்கு மாதம் பேசவில்லை.

கார்த்திகை முடியும்போது ஒரு செய்தி வந்தது. "அம்மாவின் நோட்டில் அமோன்யாச்கி பக்கத்தை அனுப்புங்கள். அளவுகளோடு." நலமா என்றுகூட இல்லை. ஆனாலும் நான்கு மாதத்தில் முதல் வாக்கியம். நான் ஓடிப்போய் நோட்டை எடுத்தேன். பக்கம் இருந்தது. அளவுதான் இல்லை. வெண்ணெய் இருநூறு கிராம், கரு நான்கு, பாலேடு ஐந்து கரண்டி என்று ஒழுங்காக வந்து, மாவு என்ற இடத்தில் 'இலே ஸாப்யெஜே' என்று முடிந்தது. எவ்வளவு வாங்குமோ அவ்வளவு. முப்பத்தைந்து குளிர்காலம் ஹலினா அந்த மாவைப் பிசைந்தபோது, மூன்றடி தூரத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தவன் நான். கண்ணாடி டம்ளர் விளிம்பால் அவள் வட்டம் வட்டமாக வெட்டும் சத்தம் கேட்கும். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஐரோப்பாவில் இருந்தாலும் தஞ்சாவூர் ஜில்லா ஆண்பிள்ளை அடுப்பங்கரைக்கு முதுகைத்தான் காட்டுவான்.

பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அவள் அளவுகளோடு கேட்டிருந்தாள். கேட்டதை முழுசாகக் கொடுக்க எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. அண்ணியிடம் போனேன். தலையை ஆட்டிவிட்டார்.

"வருஷம் திரும்பற வரைக்கும் இந்த வீட்டுல பலகாரம் கிடையாது தம்பி. தீவாளிக்கே எண்ணெய்ச் சட்டி வெக்கல."

"இதுல எண்ணெயே இல்ல அண்ணி. சட்டியும் இல்ல. ஹலினாவோட ஓவன்."

"ஆபீஸ் பேச்செல்லாம் என்கிட்ட வேண்டாம். சட்டியில எண்ணெய்னா என்ன, பொட்டியில வெண்ணெய்னா என்ன. பலகாரம் பலகாரந்தான்."

நான் மார்த்தாவின் செய்தியைத் தமிழில் சொன்னேன். அண்ணி கொஞ்ச நேரம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது. "அந்தப் பொண்ணு அன்னிக்கு இங்க வந்து ஒருவாய் தண்ணிகூடக் குடிக்கல" என்றார். பிறகு, "அளவு பாக்கத்தான செய்யறோம்? அப்ப அது பலகாரமில்ல. ஆனா ஒருத்தரும் வாயில வெக்கப்படாது. குப்பையில கொட்டிடணும்" என்றார். கப்பல் தளத்தில் இப்படிப்பட்ட ஆய்வாளர் ஒருவர் இருந்திருந்தால் எத்தனையோ கப்பல் நேரத்துக்குக் கிளம்பியிருக்கும்.

முறையை நான் வகுத்தேன். ஒரு கிலோ மைதாவைத் தராசில் நிறுத்துப் பாத்திரத்தில் வைத்தேன். அண்ணி அதிலிருந்து கை அள்ளிப் போட்டுப் பிசைய வேண்டும். போதும் என்று அவர் கை சொல்லும்போது மிச்சத்தை நிறுப்பேன். அண்ணி வெண்ணெயையும் கருவையும் குழைத்து, பாலேட்டில் கரைத்த அமோனியாவைச் சேர்த்தார். "யூரியா தெளிச்ச வயல்ல நிக்கற மாதிரி இருக்கு தம்பி. உங்க மாமியாருக்கு எத்தனை ஏக்கர்?" என்றார். இரண்டு பிடி, மூன்று பிடி, பிறகு விரல் நுனியால் தூவல். சட்டென்று நிறுத்தினார். "மாவு கைய விட்டுடுச்சு. போதும்." மிச்சம் நானூற்றுப் பத்து. ஐந்நூற்றுத் தொண்ணூறு என்று எழுதிக்கொண்டேன்.

ஓவனில் வெந்தபோது அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஆறியபின் அண்ணி தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, வேண்டுமென்றே கொல்லைப்பக்கம் போனார். ஒன்றை எடுத்துக் கடித்தேன். நல்ல பிஸ்கட். மொறுமொறுப்பு, மெல்லிய புளிப்பு. ஆனால் ஹலினாவுடையதா என்றால், சத்தியமாகத் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடம் தின்றிருக்கிறேன், ருசி பார்க்கவில்லை. அழக்கூடத் தோன்றவில்லை. என் தகுதிக்கு அது அதிகம். மாவு ஐந்நூற்றுத் தொண்ணூறு கிராம், இங்கே காற்றில் ஈரம் அதிகம், இருபது கிராம் முன்பின் இருக்கலாம் என்று எழுதி, பக்கத்தின் படத்தோடு அனுப்பினேன். பதில் இல்லை. தட்டில் இருந்ததை அண்ணி சொன்னபடியே குப்பையில் கொட்டினார்.

விகிலியா அன்று இங்கே விளக்கு வைத்த நேரம், மார்த்தா அழைத்தாள். திரையில் அவள் முகம் தெரியவில்லை, மேசைதான் தெரிந்தது. வெள்ளைத் துணி, தட்டில் பிஸ்கட்.

"மாவு இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது" என்றாள். "பிசையும்போதே தெரிந்தது. போட்டுக்கொண்டேன்."

"எவ்வளவு?"

"நிறுக்கவில்லை அப்பா."

அப்பா என்று கேட்டு எத்தனை நாளாயிற்று. அவளே தொடர்ந்தாள். பாட்டியின் கல்லறைக் கல்லில் அம்மாவின் பெயரையும் வெட்டக் கொடுத்திருக்கிறாளாம். கீழே உடல் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கலாம் என்று பாதிரியார் ஒப்புக்கொண்டாராம். கொண்டுபோன மண்ணை அங்கேயே போட்டுவிட்டாளாம். "கல் வெட்டுகிறவர் ஒன்று கேட்கிறார். அம்மா பெயருக்குக் கீழே உங்களுக்கு ஒரு வரி விடவா?"

அங்கே அது சாதாரணக் கேள்வி. உயிரோடு இருப்பவர்களின் பெயரை வெட்டி, பிறந்த வருடத்தையும் போட்டு, ஒரு கோடு இழுத்து வைத்திருப்பார்கள். "விடச் சொல்" என்றேன்.

போனை வைத்ததும் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, நான் இறந்தால் மார்த்தா வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வேண்டும், எத்தனை நாளானாலும் சரி என்றேன். "ஊரு சும்மா இருக்கணுமே" என்று இழுத்தார். அண்ணி விடவில்லை. "ஊரு கெடக்கு. அடுப்பு எரியலேன்னா ஓட்டல்ல வாங்கித் தின்னட்டும். பொண்ணு வந்து பார்க்கட்டும். அப்புறம் பாதியப் பூம்புகார்ல கரைச்சுட்டு, பாதிய அவ கையில குடுத்தனுப்புவோம்."

அண்ணன் யோசித்தார். எலும்பு பொறுக்குவது காலில் தொடங்கித் தலையில் முடியும். எழுபத்திரண்டு வயதில் அந்த வரிசை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. "பாதின்னா எதுடா? அந்தப் பொண்ணுகிட்ட எதைக் குடுக்கறது?" என்றார், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டி.

"காலைக் குடுங்க" என்றேன். "அங்க பனியில நடந்து பழகினது அதுதான். அந்தக் கல்லறைக்கு வழி தெரியும்."