காளான் மேசைக்காரி

மழைக்காலம் தொடங்கியதும் மார்க்கெட்டின் பின்வாசலில், ஐஸ் பெட்டி இறக்கும் மேடைக்குப் பக்கத்தில், தகரம் அடித்த ஒரு மேசையைப் போடுவார்கள். மேலே சின்னக் கத்தி, ஈரத்துணி, பச்சைச் சீட்டுப் புத்தகம். அந்த மேசைக்குப் பின்னால் இருபத்திரண்டு மழைக்காலம் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தக் காளானையும் முதலில் மோந்து பார்ப்பாள், அதனால் வந்த பெயர். மற்றபடி அவள் மூக்கு எல்லோருக்கும் இருக்கிற மூக்குதான்.

காட்டோரத்திலும் ஆற்றங்கரையிலும் பறித்து வருகிறவர்கள் கூடையை முதலில் அவள் முன்னால் வைக்க வேண்டும். அவள் தேதி போட்டுக் கையெழுத்திட்ட சீட்டு இருந்தால்தான் உள்ளே விற்கலாம். கீரை வேலை சீக்கிரம் முடிந்துவிடும். பருப்புக்கீரையோடு பால் வடிகிற செடி ஏதாவது கலந்திருந்தால் ஒரு கிள்ளு கிள்ளினாலே தெரிந்துவிடும். சண்டையெல்லாம் காளானில்தான்.

"அடியோட கொண்டு வா. கால வெட்டிட்டுக் கொண்டு வந்தா பாக்க மாட்டேன்."

"மண்ணா இருக்கேக்கா, யார் வாங்குவா?"

"மண்ணு கழுவினாப் போயிடும். உசிரு போனா வருமா?"

விஷயம் இதுதான். பறிப்பவர்கள் 'வெள்ளைச்சாவு' என்று சொல்கிற விஷக்காளானுக்கு அடியில், மண்ணுக்குள், கிழிந்த பை மாதிரி ஓர் உறை இருக்கும். அடியை வெட்டிவிட்டால் அந்த அடையாளமே போய்விடும். மிச்சமிருக்கிற குடையும் தண்டும் பார்க்கப் பால்வடியும் முகமாக இருக்கும்.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. வயதில் சின்னவளாக இருந்தபோது ஒரு கல்லூரியின் தாவர ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவினாள். கை கழுவிக்கொண்டிருந்தாலும் கண் சும்மா இருக்கவில்லை. ஜாடிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்தே தேறிவிட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை, பத்து வயது இளையவள். அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் தலை பின்னிவிட்டதிலிருந்து சோறு ஊட்டியதுவரை மூக்கக்காதான். தங்கையைக் கரை சேர்க்கிற மும்முரத்தில் தன் கப்பலைத் தவறவிட்டவள். தங்கைக்குக் கல்யாணம் ஆகி, இரண்டு பெண்கள் பிறந்து, மார்க்கெட்டுக்குள்ளேயே கீரையும் காளானும் விற்கிற கடையும் வந்துவிட்டது. தங்கை கூடை என்றால் மூக்கக்கா இரண்டு தடவை பார்ப்பாள். "ஊருக்கு ஒரு கண்ணு, எனக்கு ரெண்டு கண்ணா?" என்று தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதையும் மூக்கக்கா செல்லமாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் ஒருநாள் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி கிளம்பியது. கன்னம் வீங்கி, இஞ்சி தின்ற குரங்கு மாதிரி உட்கார்ந்திருந்தாள். தங்கை வந்து தோளைத் தொட்டாள்.

"போய்ப் பல்லப் பிடுங்கிட்டு வாக்கா. நான் உக்காந்து ஆளுங்கள நிறுத்தி வைக்கறேன். நீ வந்து பாரு."

மூக்கக்கா போனாள். சீட்டுப் புத்தகம் மேசைமேல்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. ஒரு தையல்காரரின் மனைவிக்குக் காளான் சாப்பிட்டு வாந்தியும் பேதியுமாம். தையல்காரருக்குக் காளான் பிடிக்காது, தப்பித்தார். சமைத்தது போக மிச்சமிருந்ததை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மூக்கக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பையைத் தட்டில் கொட்டினாள். குடை விரிந்தவற்றில் எல்லாம் அடி வெட்டியிருந்தது. அவற்றுக்கு நடுவில், முட்டை மாதிரி உருண்டையாக, இன்னும் விரியாத ஒன்று. கத்தியை வாங்கி உச்சியிலிருந்து நேராகப் பிளந்தாள். தின்னக்கூடிய உருண்டைக் காளானாக இருந்தால் உள்ளே முழுக்க வெள்ளையாக, தயிர்க்கட்டி போல இருந்திருக்கும். இதற்குள் குட்டியாக ஒரு குடையும் தண்டும் மடிப்புகளும், பென்சிலால் வரைந்துவைத்தது போலத் தெரிந்தன.

"வாந்தி நின்னுடுச்சும்மா, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பலாம்னு இருந்தோம்" என்றார் டாக்டர்.

"அனுப்பாதீங்க டாக்டர்! இது ஏமாத்தற ஜாதி. நின்ன மாதிரி நிக்கும், உள்ளுக்குள்ள ஈரலத் தின்னுக்கிட்டிருக்கும்."

டாக்டர் ஓடினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொன்னார்கள்.

வராந்தாவில் தையல்காரர் அவளை மறித்துச் சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சைச் சீட்டை எடுத்து நீட்டினார். "நீங்க பாத்ததுன்னு கடைக்காரம்மா காட்டினாங்க. அத நம்பித்தான் வாங்கினேன். சீட்டையும் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

தேதி சரியாக இருந்தது. கையெழுத்தும் அவளுடையது போலவே இருந்தது. ஆனால் கடைசியில் ஒரு சுழி. மூக்கக்கா சுழி போடமாட்டாள். பள்ளிக்கூட மார்க் ஷீட்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்ளும்போதும் தங்கை இந்தச் சுழியில்தான் மாட்டிக்கொள்வாள். அப்போதெல்லாம் அக்காவும் தங்கையும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

நேராகக் கடைக்குப் போனாள்.

"அடி எங்கடி?"

தங்கைக்குப் புரிந்துவிட்டது. "மண்ணா இருந்துச்சு, வெட்டிட்டேன். நீயும் வரல, வாங்கறவங்க நிக்கறாங்க. என் கூடைக்கு மட்டும்தான்க்கா போட்டேன். இத்தன வருஷமா பறிக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் ஒருத்திய ஆஸ்பத்திரில படுக்க வச்சியா?"

தங்கை அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நீ பாத்தேன்னே சொல்லிடுக்கா. உனக்கு என்ன, ஒரு நாற்காலி போகும். புள்ளையா குட்டியா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு" என்றாள்.

பல் பிடுங்கிய இடம் வலித்ததா, வேறெங்காவது வலித்ததா என்று மூக்கக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பி நடந்தாள்.

மார்க்கெட் மேற்பார்வையாளரின் அறையில் விசாரணை நடந்தது. மூக்கக்கா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். தங்கையே சொல்லட்டும், அவள் வாயால் உண்மை வரட்டும் என்று ஓர் ஆசை.

தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா பாத்துதான் சீட்டு குடுத்தாங்க சார்."

பிறந்ததிலிருந்து 'வா, போ' என்று பேசியவள் அன்றைக்கு மரியாதை கொடுத்தாள். பொய்யைவிட அந்த மரியாதைதான் மூக்கக்காவைச் சுட்டது. கைப்பையைத் திறந்து, பல் டாக்டர் கொடுத்த சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் நேரம் இருந்தது.

"இது என் கையெழுத்து இல்ல சார். இந்தக் காளான் வித்த நேரத்துல நான் அங்க இல்ல."

மேற்பார்வையாளர் இரண்டு சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்ப மேசைய விட்டுட்டுப் போனது யாரு? புத்தகத்த வச்சுட்டுப் போனது யாரு?"

யாரை நம்பி விட்டுப்போனாள் என்பதுதான் பதில். அவள் தங்கையைப் பார்த்தாள்.

தங்கையின் கடையை மூடினார்கள். கூடவே மேசையையும் எடுத்துவிட்டார்கள், காட்டுக் காளானே இனி மார்க்கெட்டுக்குள் வரக்கூடாது என்றார்கள். பறிக்கிறவர்கள் பிழைப்பில் மண் விழுந்தது. தங்கையைத் திட்டியவர்களைவிட, "கூடப் பிறந்தவளையே காட்டிக்குடுத்துட்டாளே" என்று மூக்கக்காவைப் பேசியவர்கள்தான் அதிகம். காட்டிக்கொடுத்தது யார், காட்டிக்கொடுக்கப்பட்டது யார் என்று அவள் யாரிடமும் வழக்காடவில்லை.

தையல்காரரின் மனைவி நாற்பது நாள் கழித்துப் பிழைத்து வீடு திரும்பினாள். தையல்காரர் மட்டும் இப்போதும் மூக்கக்காவைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சீட்டில் இருந்தது அவள் பெயர்தானே. மூக்கக்காவுக்கு ஒரு விடுதிச் சமையலறையில் கீரை ஆய்கிற வேலை கிடைத்தது. எப்போதாவது யாராவது எதையாவது தின்றுவிட்டு வந்தால் டாக்டர் ஆள் அனுப்புவார், போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, கதவைத் திறந்தால் தங்கை நிற்கிறாள். கையில் துணிப்பை. ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை.

"வீட்டுக்குத்தான் பறிச்சேன். பொண்ணுங்க கேக்குதுங்க. நீ ஒரு தடவ பாத்துச் சொன்னாத்தான் எனக்கு மனசு ஒப்பும்."

மூக்கக்கா அவள் முகத்தையே பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. பையை வாங்கி வாசற்படியிலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து மோந்தாள், புரட்டினாள், பிளந்தாள். சந்தேகப்பட்ட இரண்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். மிச்சத்தைப் பையில் போட்டு நீட்டினாள்.

"அக்கா..." என்று தங்கை ஆரம்பித்தாள்.

"பொண்ணுங்களுக்கு நல்லா வேக வச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு மூக்கக்கா கதவைச் சாத்தினாள்.