எல்லாக் குறைக்கும் அடியில் ஒட்டிய போஸ்டர்

அண்ணா, உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதக் கை வரவில்லை. அண்ணா என்றே எழுதுகிறேன். அப்படிக் கூப்பிட்டால்தான் நீயும் திரும்பிப் பார்ப்பாய்.

இதைப் படிப்பவர்களுக்கு அவனைத் தெரியாது. குமாரபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய பட்டறையில் விசைத்தறி ஓடுகிறது. நான் எட்டாவதோடு நின்று தறிக்கு வந்துவிட்டேன். அண்ணன் பாலிடெக்னிக் போனான், பாதியில் வந்தான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். சேலைக் கரை டிசைனைத் திரையில் கட்டம் கட்டமாக வரைந்தால், தறியில் மாட்டும் அட்டையில் எங்கெங்கே துளை போட வேண்டும் என்று காட்டும் ஒரு மென்பொருளை எழுதினான். அதற்கு விலை கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், ஒரு நகல் எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம். எங்கெங்கோ இருப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அதில் கோளாறு வந்தால் சொல்வதற்கு ஒரு இடம் இருந்தது. அது மட்டும் எங்களுடையது இல்லை. ஏதோ ஒரு கம்பெனியின் இணையதளம், இலவசமாகத் தந்திருந்தார்கள். ஒவ்வொரு குறைக்கும் ஒரு பக்கம். அதன் கீழே அண்ணன் பதில் எழுதுவான். டைப் செய்யத் தெரியாத தறிக்காரர்கள் எனக்குப் போன் செய்வார்கள். அவர்கள் திட்டுவதைக்கூட விடாமல் அப்படியே அடித்துப் போடுவேன். அண்ணன் படித்துவிட்டுச் சிரிப்பான்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் ஒரு அக்கா, மென்பொருள் வேலையில் இருப்பவர், லீவு நாட்களில் அண்ணனோடு சேர்ந்து எழுதுவார். இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒத்துவராது.

"எழுதினது எல்லார் வீட்லயும் இருக்கு. பேசினது மட்டும் ஒருத்தர் வீட்டுப் பரண்ல கெடக்கு. அவங்க கதவச் சாத்திட்டா என்ன பண்ணுவ?" என்பார் அக்கா.

"எல்லாரும் அங்கதானக்கா வாராங்க. நாம தனியாக் கடை போட்டம்னா நீங்களும் நானும் ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கோணும்."

அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது.

சங்ககிரி ரோட்டில் லாரி மோதி அண்ணன் போய்விட்டான். அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

கருமாதிக்கு ஜலகண்டாபுரத்து மாமா வந்திருந்தார். எங்களுக்குச் சொந்தம் இல்லை; தறி வைத்திருப்பவர், அண்ணனின் மென்பொருளை முதலில் நம்பி எடுத்தவர். பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, பட்டறைச் சுவர் என்று ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தோம். மாமா அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார்.

"ஏங்கண்ணு, அந்தக் கம்ப்யூட்டர்ல எழுதறவங்களுக்கு யாரு சொன்னது?"

"இன்னும் சொல்லலீங்க மாமா."

"நாளைக்கி எங்களுக்குச் சொல்லலையேன்னு கேட்டா என்ன பதில் சொல்லுவ?"

அம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சொல்லிப்போடு சாமி. ஒருத்தரையும் உட்றாத."

எங்கள் பக்கம் இழவு சொல்லாமல் விட்டால் அதைக் காலத்துக்கும் மறக்க மாட்டார்கள். அடுத்த நல்லது கெட்டதுக்கு வாசல்படி மிதிக்க மாட்டார்கள். அதனால் நான் ஒரு பக்கத்தையும் விடவில்லை. அண்ணன் கம்ப்யூட்டரில் அந்த இணையதளம் அவன் கணக்கிலேயே திறந்து கிடந்தது. ஒவ்வொரு குறைக்கும் அடியில் அதே போஸ்டர், அதே வாசகம். முடிந்துபோன பழைய குறைகளுக்கும் போட்டேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "இது உட்டுப்போச்சு பாரு, இதுலயும் போடு" என்று விரலைக் காட்டிக்கொண்டே இருந்தார். போட்டு முடித்ததும் மனசு கொஞ்சம் லேசானது.

மறுநாள் காலையில் திறந்தால் ஒன்றும் இல்லை. கணக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி. அந்த இடமே அண்ணன் பெயரில் இருந்ததால் குறைகள், பதில்கள், எல்லாமே மறைந்துவிட்டன.

அக்காவுக்குப் போன் செய்தேன். அவரும் திறந்து பார்த்தார். அப்புறம் சொன்னார், "ஒரே படத்த அத்தனை பக்கத்துலயும் போட்டா அங்க இருக்கற மெஷின் குப்பை விளம்பரம்னு நெனச்சுக்கும்மா."

ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த மாமா போனைப் பிடுங்கினார். "ஏனுங்க, எழவு சொன்னா வெளம்பரங்களா?"

கம்பெனிக்கு எழுதினோம். கணக்குக்கு உரியவரே எழுத வேண்டும் என்று பதில் வந்தது. அக்கா அதைத் தமிழில் சொன்னபோது அம்மா என்னையே பார்த்தார். "அவனே எழுதறதுன்னா நான் எங்க போயிக் கூட்டிட்டு வாரது?"

இறப்புச் சான்றிதழ் அனுப்பினோம். வருந்துகிறோம் என்று ஆரம்பித்து ஒரு மெயில் வந்தது. இறந்தவரின் கணக்கை அழித்துத் தர முடியும், திறந்துவிட முடியாது. அழிக்கச் சம்மதமா?

இன்று வரை நான் சம்மதம் சொல்லவில்லை.

என் துக்கத்தோடு இது நிற்கவில்லை. எழுதியதன் நகல்தான் எல்லோரிடமும் இருக்கிறதே என்று அக்கா மேற்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். தேவையில்லாமல் கிடக்கிறது என்று ஒரு வரியை எடுத்துவிட்டார். ஜலகண்டாபுரத்தில் மாமாவின் தறியில் சேலைக் கரை மயில் தலைகீழாக விழுந்தது.

"முன்னாலயும் இதே மாதிரி வந்துச்சு சாமி. உங்கண்ணன் அந்த வரியப் போட்டுத்தான் சரி பண்ணுனான். ஏன் போட்டேன்னு எழுதியும் வெச்சான்."

"எங்க மாமா எழுதி வெச்சான்?"

"அங்கதான்."

அக்கா அந்த வரியைத் திரும்பப் போட்டார். ஆனால் அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று தெரியாத இடங்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. எதைத் தொடவும் அவருக்குப் பயம். எனக்கோ வேறு பயம். அண்ணன் போனில் எல்லாம் இரண்டு வார்த்தைதான் பேசுவான். மனிதர்களிடம் அவன் நீளமாகப் பேசியது அந்தப் பக்கங்களில் மட்டும்தான்.

போன வாரம் மாமா வந்தார். அவர் தன் போனில் எந்த மெயிலையும் அழித்ததில்லை. அண்ணன் பதில் போடும்போதெல்லாம், கேட்டவருக்கு அது மெயிலாகவும் போயிருக்கிறது. மாமாவின் பேரில், அவருடைய மெயில் முகவரியைக் கொடுத்து நான் அடித்த குறைகளுக்கு அவன் எழுதியவை அப்படியே இருந்தன. ஒன்றை நான் சத்தமாகப் படித்தேன்.

"மாமா, மொதல்ல அட்டைய நீங்க திருப்பி மாட்டிருக்கீங்களான்னு பாருங்க. நேரா இருந்தா அப்பறம் என்னத் திட்டுங்க. இப்பவே திட்டியாச்சுன்னா பாதிய வாபஸ் வாங்கிக்கங்க."

"திருப்பித்தான் மாட்டியிருந்தேன்" என்று சொல்லி மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா இன்னொரு முறை படி என்றார். இன்னொரு முறை என்றார். மூன்றாவது தடவை என்னால் முடியவில்லை, மாமா எழுத்துக்கூட்டிப் படித்தார்.

அக்கா இப்போது தன் கம்ப்யூட்டரில் ஒரு இடம் போட்டிருக்கிறார். கிடைத்த மெயில்களை நான் ஒவ்வொன்றாக அங்கே சேர்க்கிறேன். வந்தது கொஞ்சம்தான். பல பேர் அழித்துவிட்டார்கள், சிலர் போனையே மாற்றிவிட்டார்கள். கம்பெனியிலிருந்து, அழிக்கச் சம்மதமா என்று இன்னொரு தடவை கேட்டிருக்கிறார்கள். பதில் வராவிட்டால் அவர்களாகவே அழித்துவிடுவார்களோ என்னவோ, சொல்லத் தெரியவில்லை.

அவனுடைய பதில் யாரிடமாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள். அவனைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், என் அண்ணன் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.