வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது

ஓவிய வகுப்பில் ஒரே ஒரு விதி. படத்தைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட பிறகு, வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் பார்த்ததைச் சொல்வார்கள். எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை நாம் சுவரோடு சுவராக நிற்க வேண்டும்.

என் முதல் படம் தொங்கியது.

"பூசணிக்காய்ங்களா?" என்றார் நாமக்கல்லிலிருந்து வரும் லாரி பெயிண்டர்.

"பூசணிக்கு ஏதுங்ணா கழுத்து? இது பல்பு," என்றாள் கல்லூரிப் பெண். "ஃபியூஸ் போனது."

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருந்துக் கடையின் மாடி அது. பத்துப் பேரும் சிரித்தார்கள். நான் வரைந்தது சொம்பு. அதைக் காட்டித்தான் என் கணவரிடம், தண்ணீர் வேண்டுமா என்று கேட்க நினைத்திருந்தேன்.

ஏழு மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம். வலப்பக்கம் போனது. பேச்சு போனது. நாம் பேசுவதைப் புரிந்துகொள்வதும் போனது. சொல்லை நம்பியே நாற்பத்தெட்டு வயதுவரை வந்தவள் நான். என் சொல் இப்போது அவர் காதில் தகரத்தில் விழும் மழை.

தினமும் நாலு மணிக்கு இடது கையால் கட்டில் சட்டத்தை அடிக்கத் தொடங்குவார். எதையோ கேட்கிறார். எதை? சொம்பை நீட்டினால் குடிப்பார். கேட்டதால் குடித்தாரா, கொடுத்ததால் குடித்தாரா, தெரியாது. குடித்துவிட்டு மறுபடி அடிப்பார். சொம்பைத் தூக்கி வரலாம். அவர் தினமும் நடந்துபோன ஆற்றுப் பாலத்தை எப்படித் தூக்கி வருவேன்? பெங்களூரில் வேலை செய்யும் மகளை? செல்போனில் படம் காட்டியபோது வெளிச்சம் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருத்துவமனையில் படம் போட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். ஆப்பிள், ரொட்டி, டை கட்டிய வைத்தியர். அதை அவர் கவிழ்த்துப் போட்டார். பேச்சுப் பயிற்சி தரும் பெண்தான் சொன்னாள், "உங்க ஊட்டுப் பொருளை நீங்களே வரைஞ்சு காட்டிப் பாருங்க."

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை அவர் தங்கையிடம் விட்டுவிட்டு குமாரபாளையத்திலிருந்து சேலத்துக்குப் பேருந்து ஏறினேன். அடுப்பில் உலை கொதிக்கும்போது வரைந்தேன். அவர் வேட்டி காயும்வரை வரைந்தேன். சொம்பின் வாய் வட்டமல்ல, அமுங்கிய வட்டம் என்று கண்டுபிடிக்கவே மூன்று வாரம். கொடியில் ஒவ்வொரு வாரமும் அடி வாங்கினேன். "நெழலு ரெண்டு பக்கமும் விழுதுங்க. உங்க ஊட்டுல ரெண்டு சூரியனா?" என்பார் பெயிண்டர். வீடு வந்து ஒரு சூரியனை அழிப்பேன்.

பத்தாவது வாரம், மூச்சு விடுமுன் எல்லாரும் சொன்னார்கள், "சொம்பு!" கைதட்டினார்கள்.

வீட்டில் அதைக் கணவரிடம் காட்டினேன். பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு மணிக்குக் கட்டில் அதிர்ந்தது. ஊருக்கெல்லாம் சொம்பாகிவிட்ட சொம்பு, அவர் ஒருவருக்கு மட்டும் எதுவாகவும் ஆகவில்லை. அன்று பென்சிலை இரண்டாக ஒடித்தேன். பிறகு இரண்டு துண்டையும் சீவினேன்.

அடுத்த ஞாயிறு வரைந்த அத்தனையையும் கொடியில் மாட்டினேன். சொம்பு, செருப்பு, மகள் முகம், பாலம். பெயிண்டர் கொடியின் நீளத்துக்கு நடந்து திரும்பினார்.

"எல்லாம் நின்னுக்கிட்டே வரைஞ்சிருக்கறீங்க. பாக்கறவரு எங்க இருக்காரு? நான் லாரிக்குப் பின்னால குத்தவெச்சுத்தான் எழுதறேன். ஆனா பின்னால வர்ற டிரைவர் சீட்டுல இருந்து படிக்கோணுமில்லைங்க?"

விதியை மீறிப் பேசிவிட்டேன். படுத்திருக்கிறார் என்றேன். மீதியையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப நீங்களும் படுத்துட்டு வரைங்க அக்கா," என்றாள் கல்லூரிப் பெண்.

மறுநாள் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவர் கட்டிலில் படுத்தேன். எண்ணெய் நாறும் அவர் தலையணையில் என் தலை. முக்காலியின் மேல் சொம்பு இருந்தது, ஆனால் தெரிந்தது அதன் அடிவயிறு மட்டும். மின்விசிறியின் அழுக்கு. டியூப்லைட். அப்புறம் கண்ணுக்கு நேராக, ஜன்னலை அடைத்த அட்டை.

அந்த அட்டையை வைத்தவள் நான்தான். ஜன்னலுக்கு அப்பால் எங்கள் விசைத்தறிக் கூடம். அவர் விழுந்த வாரம், நோயாளிக்குச் சத்தம் ஆகாது என்று யாரோ சொல்ல, வீட்டை ஒட்டிய நான்கு தறிகளை நிறுத்தினோம். நூல் வந்த பெட்டியைக் கிழித்து ஜன்னலில் ஆணி அடித்தோம். தறி ஓடும்போது தூங்கி, தறி நின்றால் விழித்துக்கொள்ளும் ஊர் எங்களுடையது. அங்கே பிறந்தவருக்கா அமைதி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏழு மாதமாக அவர் முன்னால் ஓர் அட்டை, அதில் தலைகீழாக ஓர் அம்புக்குறி.

எல்லாவற்றையும் அப்படியே வரைந்து அவர் மடியில் வைத்தேன். பார்த்தார். முதல்முறையாகத் திரும்பிக்கொள்ளவில்லை. இடதுகை விரல் மெதுவாக வந்து, நான் வரைந்த ஜன்னலின் மேல் நின்றது. தேய்த்தது. கரி பரவியது. தாள் கிழியும்வரை தேய்த்தார்.

அட்டையைப் பிய்த்தேன். ஆணி கையைக் கீறியது. கூடத்தைப் பார்த்துக் கத்தினேன்: நாலையும் ஓட்டுங்க!

"பெரியவருக்கு ஆகாதுன்னீங்களே?" என்றார் தறி ஓட்டுபவர்.

"ஓட்டுங்கங்கறேன்!"

தறிகள் ஓடின. சுவர் நடுங்கியது. அவர் கண்ணை மூடினார். அன்று நாலு மணிக்குக் கை அசையவில்லை. நான் சமையலறையில் போய் அழுதேன்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மறுபடி அடித்தார். தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி அடித்தார். புதனும்.

கிழிந்த தாளைத்தான் இந்த ஞாயிறு கொடியில் மாட்டினேன்.

"ஓட்டை உழுந்ததை எதுக்குக்கா மாட்டறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"இரு சாமி." பெயிண்டர் மூக்கு முட்டும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார். "இந்த எடம் அவங்க கையி இல்ல. வேற ஆளு. தேச்ச சாய்வைப் பாரு, இடது கை." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த ஆளு இன்னும் முடிக்கலைங்க. அடுத்த தாளையும் பென்சிலையும் அவருகிட்டக் குடுங்க."

வரைந்தவர் பேசக் கூடாது. தலையை மட்டும் ஆட்டினேன். தாளைக் கழற்றிச் சுருட்டி, கீழே இறங்கி ஓடினேன். மணி ஒன்றரை. நாலு மணிக்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.