இரண்டு பானைச் சோறு

கொழும்பில் வயல் கிடையாது. ஆனாலும் புது நெல்லினம் ஒன்றைப் பதிவுசெய்யுமுன் அதன் சோறு எப்படி என்று சொல்ல எங்களைப் போன்ற நகரத்து ஆட்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில்தான் விவசாயத் திணைக்களத்துப் பெண் அதிகாரி ஒருவரைக் கண்டேன். வெயிலில் கறுத்த கைகள். ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் எதையும் பேசுவார். அவர் கொண்டுவந்த நெல் உவர் நிலத்திலும் அதிக உரமில்லாமல் விளைவது. வயல் சோதனைகளில் தேறியது. ஒப்பிட்டுப் பார்க்கக் கடையில் விற்கும் வெள்ளைச் சம்பாவையும் சமைத்திருந்தார். இரண்டும் கறியில்லாத வெறுஞ்சோறு. விரும்பிய அளவு போட்டுச் சாப்பிடலாம்.

சாப்பிட்டு முடிந்ததும், புதியது பிடித்தவர்களைக் கை தூக்கச் சொன்னார். என்னோடு சேர்த்து நாலைந்து பேர்தான் தூக்கினோம்.

"ருசியில என்ன குறை?"

"ருசி நல்லம்தான் மிஸ். ஆனா நிறம் மங்கல். வீட்டுக்கு ஆக்கள் வந்தா இதை வைக்கேலாது," என்றார் ஓய்வுபெற்ற வங்கி மனேஜர் ஒருவர். பல தலைகள் ஆடின.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்றோ வரப்போகும் விருந்தாளியின் கண்ணுக்காக, உவர் மண்ணோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு விதை கிடைக்கக்கூடாதா?

அதிகாரி ஒரு பருக்கையை நசுக்கினார். பிறகு இரண்டு பானைகளையும் எங்கள் பக்கம் சரித்துக் காட்டினார். வெள்ளைச் சோறு பாதிக்குமேல் மிஞ்சியிருந்தது. புதுச் சோற்றுப் பானையில் அடி தெரிந்தது.

"அப்ப இதை ஆர் சாப்பிட்டது?"

மனேஜர் கை கழுவ எழும்பினார்.

"பானையைக் கணக்கில எடுக்கேலாது. கையைத்தான் எடுக்கலாம்," என்று சொன்ன அதிகாரி, தூக்கிய கைகளை மட்டும் குறித்துக்கொண்டு போனார். காலியான பானையைக் கண்ட பிறகும் அப்படிக் குறிக்க எப்படித்தான் அவரால் முடிந்ததோ, எனக்கு இன்னும் ஆறவில்லை.