டூட்டியில் தூங்கிய டிரைவர்

இன்று மதியம் பள்ளத்தூர் பஸ் ஸ்டாப் பக்கத்தில், மர நிழலில் ஓர் ஆம்புலன்ஸ் நின்றது. டிரைவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

போட்டோ எடுத்தேன். ‘டூட்டியில் தூக்கம்!’ என்று தலைப்பும் தட்டினேன். பதிவிடும் முன் நேரில் கேட்டுவிடலாம் என்று வண்டியருகே போனேன்.

உள்ளே, நர்ஸ் தங்கச்சி அப்போதுதான் தயிர்சாத டப்பாவைத் திறந்திருந்தார்.

"ஏம்மா, இவரு இப்படித் தூங்கலாமா?"

"மெதுவாப் பேசுங்கண்ணே. இப்பத்தான் கண்ணசந்தாக. காலையில இருந்து அஞ்சு கேஸு. காலை நீட்ட ஒரு ரூமு கிடையாது எங்களுக்கு. நீங்களே சொல்லுங்க, எங்குட்டுப் போயித் தூங்குறது?"



தங்கச்சி ஒரு வாய் வைப்பதற்குள் போன் அடித்தது. பக்கத்து ஊரில் பிரசவ வலி. டிரைவர் விழித்த வேகத்தில் வண்டி கிளம்பியது. "வச்சிருங்கண்ணே, வந்துருவோம்!" என்று டப்பாவை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

டப்பாவும் கையுமாக நின்றேன். நான் ஏறவேண்டிய காரைக்குடி பஸ் மூன்று போயின. போட்டோவை அழித்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள்.

"வண்டியிலேயே பொம்பளப் புள்ள பொறந்துருச்சுண்ணே! தாயும் புள்ளையும் நல்லாருக்காக!" என்று சிரித்தார் தங்கச்சி.

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சாப்புட்டீகளா?"

இல்லை என்றேன். மூவருமாகப் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

பள்ளத்தூர்க்காரர்களே, ஊரில் எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஃபேன் ஓடும் ஓர் அறையை இவர்களுக்குத் திறந்துவிட யார் தயார்? கமெண்டில் சொல்லுங்கள். ஒட்டடை அடிப்பது என் பொறுப்பு.